பழைய கட்டிடங்களைக் காக்கும் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் அலுவலர் புதிதாக வருகிறார்: முதல் மூன்று மாதம் எப்படி?

தாழ்வாரம் கேட்டது:

சிவகங்கை மாவட்டத்தில் இயங்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பழைய சத்திரம் ஒன்றும் அதை ஒட்டிய நூலகக் கட்டிடமும் நீண்டகாலக் குத்தகையில் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. இரண்டுமே மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் இல்லை. அறக்கட்டளைக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 ஆகிய பதிவுகள் உண்டு. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது.

இதுவரை அறங்காவலர்கள் இருவர் தங்கள் பழக்கவழக்கத்தை வைத்துப் பணம் திரட்டினார்கள். ஜூன் முதல் வாரத்தில் முழுநேர அலுவலர் ஒருவர் சேர்கிறார். கண் மருத்துவமனை அறக்கட்டளை ஒன்றில் வேலை பார்த்தவர். நன்கொடை கேட்கும் வேலை கைவந்தவர்தான், ஆனால் பழைய கட்டிடம் அவருக்குப் புதிது.

கேள்விகள் மூன்று. முதல் சில வாரம் அவரை என்ன செய்யச் சொல்வது? பழைய நன்கொடையாளர்களிடம் எப்படி அறிமுகப்படுத்துவது? இலக்குத் தொகையை எப்போது கொடுப்பது? “சம்பளத்தைக் குறைத்து, திரட்டுகிற பணத்தில் 5 சதவீதம் கொடுத்துவிடலாம்” என்று ஓர் அறங்காவலர் சொல்கிறார். அது சரிவருமா?

---

காரைப்பூச்சு எழுதியது:

கட்டிட வேலை பார்க்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் வாரம் மேசை, கணினி எதுவும் வேண்டாம். உங்கள் பொறியாளரோடும் தலைமைக் கொத்தனாரோடும் கட்டிடத்துக்குள் விடுங்கள். மொட்டை மாடி, பரண், கழிவுநீர்ப் பாதை, பூட்டிக் கிடக்கிற அறை எல்லாவற்றையும் பார்க்கட்டும். கண் அறுவைச் சிகிச்சைக்கு ‘ஒருவருக்கு இவ்வளவு’ என்று சொல்லிக் கேட்க முடியும். இங்கே அப்படி ஒரு அலகு கிடையாது. அதனால் பணம் எங்கே போகிறது என்று அவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சுண்ணாம்பில் சாய்வாக நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காரை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு என்கிற தட்டை ஓடு. இது கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கிற கட்டை முனையில். மழைநீர்க் குழாய் அடைத்து நீர் தேங்கினால் அந்த முனை உள்ளேயே மக்கும், வெளியே தெரியாது. பிரித்துப் பார்க்காமல் எத்தனை கட்டை மாற்ற வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வேலைகளின் மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கென்று 15 முதல் 20 சதவீதம் வைக்கிறோம். “இந்தத் தலைப்பை வெட்டிவிடுங்கள்” என்று நிதி தருகிற நிறுவனம் கேட்டால், உங்கள் அலுவலர் ஏன் முடியாது என்று அங்கேயே விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வரும் கேள்வி: “சிமெண்ட் பூசினால் பாதிச் செலவில் முடியுமே?” பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஓதம் இழுக்கும், அதைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், உப்பு பூத்துச் செங்கலையே அரிக்கும். சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும், கூடவே செங்கலின் முகமும் போகும். முடிந்தால் சுண்ணாம்பு நீற்றுகிற தொட்டியையும், காரையில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறப் போடுகிற இடத்தையும் காட்டுங்கள். நேரில் பார்த்தவர் எழுதுகிற விண்ணப்பமும் பார்க்காதவர் எழுதுகிறதும் முதல் பத்தியிலேயே வேறுபடும்.

மூன்றாவது, காலக்கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அந்த மாதங்களில் தளத்தைப் பிரிக்கவும் கூடாது, வெளிப்பூச்சும் கூடாது. சித்திரை வெயிலில் பூசினால் சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும். சாக்குப் போட்டு நாள்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூரை வேலைக்கு வசதியான காலம் தை முதல் பங்குனி வரைதான். “டிசம்பரில் திறப்பு விழா” என்று புதியவர் யாரிடமாவது வாக்குக் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொள்வது வேலை நடக்கிற இடத்தில் நிற்கிறவன். ஆகவே பணி அட்டவணையின் நகல் ஒன்று அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும்.

“புத்தம் புதிதாக மாற்றித் தருகிறோம்” என்ற வாசகத்தை மட்டும் அவர் எங்கேயும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளர் அதை நம்பி வந்து, தேய்ந்த படியையும் திட்டுத்திட்டான பழைய பூச்சையும் பார்த்துவிட்டு வேலையே முடியவில்லை என்பார்.

---

ரசீதுக்கட்டு எழுதியது:

ஆடிட்டர் அலுவலகத்துப் பார்வை. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களில்தான் சொல்கிறேன். ரசீதில் எதை அச்சிடுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர் கையில் முதல் நாளே ஒரு கோப்பு கொடுங்கள். அறக்கட்டளைப் பத்திரம், பான், 12ஏபி மற்றும் 80ஜி ஆணைகள், சிஎஸ்ஆர்-1 எண், தன்னார்வ அமைப்புகளுக்கான அரசுத் தளத்தில் வாங்கிய தர்ப்பண் எண், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, அறங்காவலர் பட்டியல், ரத்துசெய்த காசோலை, குத்தகைப் பத்திரம். எந்த நிறுவனமும் முதலில் கேட்பது இவற்றைத்தான். 80ஜி, 12ஏபி எப்போது காலாவதி என்பதை அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவை இப்போது நிரந்தரப் பதிவுகள் அல்ல.

80ஜி பற்றி அவர் வாயில் வரக்கூடாத சொல் “முழு விலக்கு”. உங்களைப் போன்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் தொகையில் 50 சதவீதம்தான் கழிவு, அதற்கும் வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையில் இருக்கிறவருக்கு அதுவும் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் இல்லை. தேக்குக் கட்டை, செங்கல், ஆத்தங்குடித் தரைக்கல் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. கடைசியாகச் சொன்னது உங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். வீட்டைப் பிரிக்கிறவர்கள் மரத்தைக் கொடுத்துவிட்டு 80ஜி ரசீது கேட்பார்கள். பொருள் பெற்றதற்கு நன்றிக் கடிதம் மட்டும் கொடுங்கள்.

ரசீது போடும்போதே பெயர், முகவரி, பான், தேதி, பணம் வந்த வழி, எந்தத் தலைப்பு என்று ஆறும் வாங்கிவிட வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடை விவரங்களை 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் அனுப்ப வேண்டும். 10பிஇ இல்லாவிட்டால் வெறும் ரசீதை வைத்து அவர் கழிவு கோர முடியாது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். மே மாதம் உட்கார்ந்து பான் கேட்டுப் போன் போடுவதுதான் எல்லா அறக்கட்டளையிலும் நடக்கிற கூத்து. ஜூனில் சேர்கிறவருக்கு இந்த ஆண்டின் முதல் ரசீதுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். விட்டுப்போன பான்களைச் சேர்ப்பதையே முதல் எழுத்து வேலையாகக் கொடுக்கலாம். அந்தச் சாக்கில் எல்லோரிடமும் ஒருமுறை பேசியும் விடுவார்.

தலைப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மூலநிதிக்கு (செலவழிக்காமல் முதலாகவே வைத்திருக்கிற நிதி) என்று கொடுப்பவர் அதை எழுத்தில் சொல்ல வேண்டும், அந்தப் பணம் சட்டம் சொல்கிற முதலீடுகளில் தனியாக இருக்க வேண்டும். நூலகக் கூரைக்கு வாங்கிய பணத்தைச் சத்திரத்துச் சுவருக்குச் செலவழித்தால் கணக்கிலும் தப்பு, பேரும் கெடும்.

சத்திரத்து வாசலில் உண்டியல் வைக்கும் யோசனை சீக்கிரமே வரும். பெயர் தெரியாத நன்கொடைகள் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், மிஞ்சிய தொகைக்கு 30 சதவீத வரி. வைக்கலாம், ஆனால் பக்கத்தில் பெயரெழுத ஒரு நோட்டும் வையுங்கள். சத்திரத்துக்குள் பிள்ளையார் சன்னதி இருந்து அதற்கும் திருப்பணி செய்வதானால், சமயச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் 80ஜி-க்கே ஆபத்து.

5 சதவீதக் கமிஷன்: வேண்டாம். சட்டத்தில் எங்கேயும் நேரடியாகத் தடை இல்லை என்பார்கள். ஆனால் “என் 1 லட்சத்தில் 5,000 யாருக்குப் போயிற்று” என்று ஒரே ஒரு நன்கொடையாளர் கேட்டால் போதும்.

---

வடக்குவீதி எழுதியது:

கமிஷன் பற்றி ரசீதுக்கட்டு சொன்னதை வழிமொழிகிறேன். நிதி திரட்டுவோரின் சர்வதேசத் தொழில் நெறிமுறைகளிலேயே சதவீத ஊதியம் கூடாது என்றிருக்கிறது. காரணமும் எளிது. கமிஷனுக்கு வேலை செய்கிறவர் இந்த மாதம் விழுகிற பணத்தைத்தான் துரத்துவார். உங்களுக்குத் தேவையோ மூன்று வருடம் பேசிப் பழகி, பிறகு கூரையையே ஏற்றுக்கொள்கிற குடும்பம். சம்பளத்தை முழுதாகக் கொடுங்கள். அதை எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது என்பதையும் அவர் வருமுன் முடிவு செய்யுங்கள். தலைப்புக் குறித்து வாங்கிய பணத்தில் கை வைக்க முடியாது. பொது நிதியில் ஒரு வருடச் சம்பளமாவது ஒதுங்கியிருக்க வேண்டும்.

இப்போது அறிமுகம். எழுத்தில் இருக்கிற பட்டியலைவிட முக்கியமானது அறங்காவலர்கள் தலையில் இருக்கிற பட்டியல். இரண்டு அறங்காவலர்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு பெயருக்கும் இவற்றைக் கேட்டு எக்செல்லில் ஏற்றச் சொல்லுங்கள்: யார் மூலம் வந்தார், எவ்வளவு, எதற்கு, கட்டிடத்தோடு அவருக்கு என்ன சம்பந்தம், கடைசியாக யார் பேசியது, அவருக்கு நாம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் வெடி இருக்கிறது. “உங்க தாத்தா பேரை முகப்பில் போட்டுடறோம்” என்று கல்யாண வீட்டில் சொன்ன வாய்வார்த்தை எந்தக் கோப்பிலும் இருக்காது. புதியவர் போய் மறுபடி பணம் கேட்கும்போதுதான் அது வெளியே வரும். முதல் மாதத்திலேயே அந்த வாக்குகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, எது நடக்கும், எது நடக்காது என்று அறங்காவலர்கள் கையெழுத்துப் போடட்டும். மென்பொருள் வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். சில நூறு பெயர்களுக்கு எக்செல் தாராளம்.

அடுத்து, தலைவர் பெயரில் ஒரு பக்கக் கடிதம், தாளில், தபாலில். வாட்ஸ்அப் செய்தி வேறு, அது பின்னால் போகட்டும். கடிதத்தில் புதியவரின் பெயர், கைபேசி எண், “ரசீது, சான்றிதழ், கட்டிடம் பார்க்க வருவது எல்லாவற்றுக்கும் இவரை அழைக்கலாம்” என்ற வரி, இந்த வருடம் நடந்த வேலையின் படம் ஒன்று. பணம் கேட்கிற வரி வேண்டவே வேண்டாம்.

பெரிய தொகை கொடுத்தவர்களைப் பார்க்க முதல் சுற்றில் அறங்காவலரே கூட்டிப்போக வேண்டும். வயதான ஆச்சிகளிடமும் ஐயாக்களிடமும் புதிய ஆள் தனியாகப் போய் நின்றால், அவர் போனதும் அறங்காவலருக்குத்தான் போன் வரும்: “யாரோ வந்தாகளே, நீங்க அனுப்பிச்சதுதானா?” அந்தச் சந்திப்பில் புதியவர் பேச வேண்டியது குறைவு. கட்டிடத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சத்திரத்தில் யார் தங்கினார்கள், நூலகத்துக்கு எந்தக் குடும்பம் புத்தகம் கொடுத்தது என்ற தகவல் எல்லாம் பின்னால் விண்ணப்பத்துக்கே உதவும். இரண்டாவது சுற்றில் புதியவர் தனியாகப் போகலாம். இடையில் பழைய நன்கொடையாளர் யாராவது அறங்காவலரை அழைத்தால், அவர் தானே பதில் சொல்லி முடிக்காமல் “அவுக உங்களைக் கூப்பிடுவாக” என்று கைமாற்ற வேண்டும். கைமாற்றம் பெரும்பாலும் கெடுவது அறங்காவலர் விட மனமில்லாமல்தான்.

இலக்குத் தொகை முதல் மூன்று மாதம் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

---

ஆலோடி எழுதியது:

கடைசி வரியில் மாறுபடுகிறேன். சின்ன அறக்கட்டளைக்கு மூன்று மாதம் சும்மா விடுகிற வசதி கிடையாது. தவிர, நிறுவனங்கள் ஆண்டு சிஎஸ்ஆர் திட்டத்தை ஏப்ரலிலிருந்தே பேசத் தொடங்கிவிடும். செப்டம்பர் வரை காத்திருந்தால் மிச்சம் மீதிக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

சிஎஸ்ஆரில் உங்களுக்கான வாசல் கம்பெனிகள் சட்டத்தின் 7-ஆம் அட்டவணை, ஐந்தாவது இனம்: தேசியப் பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்பு. வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டிடங்களைச் சீரமைப்பதும் அதிலேயே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் கட்டிடம் இல்லை என்பதால் ‘வரலாற்று முக்கியத்துவம்’ என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். கல்வெட்டு அல்லது கட்டிய ஆண்டு பொறித்த கல், பழைய வரைபடம், பத்திரம், பாரம்பரியக் கட்டிடக் கலைஞரின் அறிக்கை, பொதுமக்கள் உள்ளே வரலாம் என்பதற்கான சான்று. ஜூன், ஜூலையில் புதியவர் இந்த ஆவணத்தைத் தயாரிக்கட்டும். கட்டிடம் கற்றுக்கொள்வதும் அதிலேயே நடந்துவிடும்.

தொகை நிர்ணயிக்க மனமில்லை என்றால் வேலையை நிர்ணயியுங்கள். இரண்டு வருடமாகக் கொடுக்காமல் விட்டவர்கள் எத்தனை பேரிடம் பேசினார், எத்தனை நிறுவனத்துக்கு விண்ணப்பம் போயிற்று, எத்தனை பேரைக் கட்டிடத்துக்கு அழைத்து வந்தார். கூடவே ஒரு சின்ன வேலைக்கு மட்டும் தொகை இலக்கு: மழைக்கு முன் முடிகிற ஒன்று. மழைநீர்க் குழாய்களை மாற்றுவது, நூலகத்துக் கதவு ஜன்னல் பழுது, இந்த மாதிரி. அக்டோபருக்குள் முடித்துப் படம் எடுத்துக் காட்டலாம், அடுத்ததைக் கேட்க முகம் கிடைக்கும்.

மார்ச் அவசரத்தைப் பற்றியும் அவரை எச்சரியுங்கள். பிப்ரவரி கடைசியில் “உடனே பணம் போடுகிறோம், மார்ச் 31-க்குள் செலவழித்துவிடுங்கள்” என்று அழைப்பு வரும். உங்கள் கணக்கில் போட்டதாலேயே அது நிறுவனத்துக்குச் செலவாகிவிடாது. நீங்கள் பயன்படுத்தினால்தான் செலவு. ஒரு மாதத்தில் சுண்ணாம்பு வேலையைத் துரத்தினால் என்ன ஆகும் என்று காரைப்பூச்சு சொல்லட்டும். அந்த மாதிரி நேரத்தில், இயக்குநர் குழுவே இதைத் தொடர் திட்டம் என்று அங்கீகரிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். அப்படி அங்கீகரித்தால், செலவாகாத தொகையை நிறுவனம் நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். மழைக்காலம் இருக்கிற ஊரில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

---

தாழ்வாரம் கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. ஆலோடி சொன்ன மாதிரி மழைநீர்க் குழாய்களையே முதல் இலக்காக வைக்கலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு. எங்கள் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா. பொங்கலுக்கு வரும்போது கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். புதியவர் அவர்களிடம் கேட்கலாமா? அடுத்தது, நன்கொடையாளர் பெயர்ப் பலகையை எப்படி வைப்பது? வடக்குவீதி சொன்ன அந்த வாய்வார்த்தை இங்கேயும் இரண்டு மூன்று இருக்கிறது.

---

ரசீதுக்கட்டு எழுதியது:

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பது கேள்வியே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாடு வாழ் இந்தியர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி ரசீதோடு வையுங்கள். சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், காரைக்குடியில் நின்று ரூபாயில் கொடுத்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ இல்லாமல் வாங்கக்கூடாது. “தம்பி பேர்ல போட்டுவிடறேன், அவன் உங்களுக்குக் குடுப்பான்” என்ற யோசனைக்கும் இடம் கொடுக்காதீர்கள். வேறொருவர் வழியாக வந்தாலும் சட்டம் அதையும் சேர்த்தே சொல்கிறது. சிறைத் தண்டனை வரை போகிற விஷயம்.

அவர்கள் கொடுக்க உறுதியாக இருந்தால் எஃப்சிஆர்ஏ பதிவுக்கே விண்ணப்பியுங்கள். அறக்கட்டளை தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். கிடைத்தபின் பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வேறு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றவும் முடியாது. அதுவரை நன்கொடையாளர் பட்டியலில் ‘பாஸ்போர்ட்: எந்த நாடு’ என்று ஒரு பத்தி சேர்த்து, விடை தெரியாத பெயருக்குக் கோரிக்கைக் கடிதமே போகாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

காரைப்பூச்சு எழுதியது:

பலகைக்கு. முகப்புச் சுவரில் கிரானைட் பதிக்க விடாதீர்கள். துளை போட்டுச் சிமெண்டில் ஒட்டினால் அதன் பின்னால் ஓதம் சேரும், சுற்றிலும் பூச்சு உப்பி விழும். எடுக்கும்போது செங்கலும் சேர்ந்து வரும். பட்டியலில் இல்லாத கட்டிடம் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். அதனாலேயே நீங்கள் விதி எழுதிவைக்க வேண்டும்.

முன்வாசலுக்கு வெளியே, சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிற ஒரே கல் அல்லது மரப்பலகை. எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஆண்டு வரிசையில். எந்த வேலைக்குக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் போடலாம்: ‘நூலகக் கூரை’, ‘கிழக்குத் தாழ்வாரம்’ என்று. வாக்குக் கொடுத்த அந்த இரண்டு மூன்று குடும்பங்களிடம் புதியவரை அனுப்பாதீர்கள். வாக்குக் கொடுத்த அறங்காவலரே பலகையின் வரைபடத்தோடு போய்ப் பேசி முடிக்கட்டும். புதியவரைக் கூட உட்காரவைத்தால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை.

மழைநீர்க் குழாய் மாற்றும்போது ஒன்று: பழைய வார்ப்பிரும்புக் குழாயின் விட்டத்தை அளந்து, அதற்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். கீழே நீர் விழுகிற இடம் அஸ்திவாரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி இரண்டு குழாயை ஒன்றாக்க யாராவது யோசனை சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐப்பசி முதல் மழையில் நன்கொடையாளர் வந்து பார்க்கிறபோது மாடியில் நீர் நிற்கும்.